உழைப்புக்கு மட்டும் விசா

அந்த நாடு வெளிநாட்டவரின் உழைப்பை மட்டும் உள்ளே விட்டது, ஆட்களை விடவில்லை. தென்காசியில் வீட்டிலிருந்தபடியே, அங்குள்ள ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பழுதுபார்க்கும் ரோபோவை இயக்கிவந்தாள் பொற்கொடி. முன்பே அங்கு குடியேறிவிட்ட அவள் அண்ணன் முத்துவேல், அதே மருத்துவமனையில் சாகக் கிடந்தான். விசா கேட்டாள், மறுத்துவிட்டார்கள்.

அன்று வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, ரோபோவை அண்ணனின் அறைக்கு நடத்திப்போய் அவன் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, நான் பொற்கொடி வந்திருக்கேன்."

அவன் கண் திறக்கவில்லை. "வந்துட்டியாம்மா? கை ஏன் இப்படிச் சில்லுன்னு இருக்கு?"

"வெளிய ஒரே குளிருண்ணே" என்றாள், தென்காசி வெயிலில் வியர்த்தபடி.

"பொற்கொடி, ஒண்ணு சொல்லணும்..." என்று அவன் தொடங்கியபோது, அவள் வேலையில் இல்லை என்று கண்ட ரோபோ நிறுவனம் இணைப்பைத் துண்டித்தது.

இருண்ட திரையைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுண்ணே, சொல்லு" என்று அவள் கதறினாள்.