ஃபெர்கலின் கையில் துப்பாக்கி

மழை விட்டு வெயில் அடிக்கிறது. பெல்ஃபாஸ்டின் தெருமுனை வீட்டுப் பக்கச்சுவரில் மூன்றாள் உயரத்துக்கு ஓவியமாக நிற்கும் தன் தம்பி ஃபெர்கலை டிம்ப்னா அண்ணாந்து பார்க்கிறாள். பிரிட்டிஷ் பட்டாளத்தான் சுட்டுச் செத்தவன். அதே சிரிப்பு, அதே தூக்கிய புருவம். காலடியில் தியாகிகளுக்கு வரைகிற வெள்ளை லில்லிப் பூக்கள். கையில் மட்டும் அவன் ஆயுளில் தொட்டறியாத துப்பாக்கி, சாய ஈரம் காயாமல் பளபளக்கிறது. சாரத்தில் உட்கார்ந்து ஓவியன் மாலகி தூரிகையைக் கழுவுகிறான்.

"ரொட்டி வாங்கிட்டு வந்துட்டிருந்தான்டா அவன்."

"தெரியும்க்கா. வெறுங்கையோட நின்னா தியாகின்னு எவன் நம்புவான்? நம்ம தெருக் கமிட்டி சொன்னாங்க, வரைஞ்சேன்."

"துப்பாக்கி வச்சிருந்தான்னு முதல்ல சொன்னது யாரு? அவனைச் சுட்டவன். அது பொய்னு நிரூபிக்க எங்கம்மா சாகற வரைக்கும் கோர்ட்டுப் படி ஏறினா. இப்ப நம்ம சுவத்துல, நம்ம தெருக்காரன் கையால, அதே பொய்யை எழுதியிருக்கே."

மாலகி மறுபடி தூரிகையைத் தண்ணீரில் முக்குகிறான். எதிர் வாசல்களில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று இரண்டு தரப்பையும் பிரிக்கிற மதிலுக்கு அப்பால், மறுதரப்பார் ஊர்வலத்துக்கு முரசு அடித்துப் பழகுவது கேட்கிறது. டிம்ப்னா சாரத்தில் ஏறுகிறாள். உள்ளங்கையை அழுத்திக் குழல் முனையிலிருந்து கட்டை வரைக்கும் துடைக்கிறாள். கறுப்புச் சாயம் தம்பியின் மார்பெல்லாம் இழுபடுகிறது. அவள் நிறுத்தவில்லை.

"கமிட்டிக்கு நான் என்னக்கா பதில் சொல்றது?"

"அவனுக்கு ஒரு அக்கா இருக்கான்னு சொல்லு."