புது டாங்கி

மத்தியாஸின் கோவாப் பாத்தியில் முட்டைக்கோஸ் இலையெங்கும் சிவப்பு வண்டுகள். மருந்தடிக்கும் புது டாங்கியை முதுகில் மாட்டினார்.

"அடிக்காதீங்க. நம்ம மக ஷிராணி தீப்பெட்டியில பிடிச்சாந்து விட்டதுங்க," என்றாள் மனைவி.

"சின்னப்புள்ள, அதுக்கு என்னா தெரியும்? இந்த வண்டு எலையெல்லாம் தின்னுபுடும்."

ஒரு வண்டுகூட மிஞ்சவில்லை. பத்தாம் நாள் இலைகளில் சாறு உறிஞ்சும் பச்சைப் பேன் அப்பிக்கிடந்தது.

விவசாய அலுவலர் கனகலிங்கம் குனிந்து பார்த்தார்.

"பேனைத் தின்னுற வண்டையெல்லாம் சாக்காட்டிப் போட்டியளே! மருந்து வாங்க அப்பாட்டக் காசில்லை எண்டு உங்கட மகள் வந்து வழி கேட்டவ. நான்தான் இந்த வண்டைப் பிடிச்சு விடச் சொன்னனான். கெட்டிக்காரப் பிள்ளை. எங்கை அவ?"

மத்தியாஸ் தலையை நிமிர்த்தவில்லை.

"கொழும்புலங்க ஐயா. ஒரு வீட்டுல வேலைக்கு விட்டிருக்கேன். அவங்க குடுத்த அட்வான்ஸ்லதாங்க இந்த மருந்தும் டாங்கியும் வாங்கினேன்."