அஜய் சார் சொன்னபடி

பழைய பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. புதிய பெட்டியிலும் எரிந்தது. நெட் மட்டும் இரண்டிலும் இல்லை.

மணி ஒன்று இருபது. காலையிலிருந்து சின்னராஜ் தரையில் உட்கார்ந்து ஒயரைப் பிடுங்குவதும் குத்துவதுமாக இருந்தான்.

ஷேர் ஜீப் ஓட்டுகிறவன் அவன். நெல்லிவாசல் ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் அங்கேயே இன்ஜினைப் பிரித்து மாட்டி, ஏறின ஆட்களை வீடு சேர்த்துவிடுவான். அப்பேர்ப்பட்டவனிடம் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வம்பு பண்ணிக்கொண்டிருந்தது.

அதைத் திருப்பத்தூரில் வாங்கி வந்தவனும் அவனேதான். மனைவி பிரியா பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவளுக்கென்று பின்பக்கம் ஓர் அறை கட்டினான். கூடத்து நெட் அந்தச் சுவரைத் தாண்டமாட்டேன் என்றது. அதனால்தான் இந்த இரண்டாவது ரூட்டர்.

இரண்டு மணிக்கு அவளுக்கு மீட்டிங். நெட் இல்லாமல் ஏற்கெனவே இரண்டு முறை தவறிப்போயிற்று. இன்னொரு முறை தவறினால் பெங்களூர் ஆபீசுக்கே வந்து உட்கார வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

அந்த ஆபீசில்தான் அஜய் இருக்கிறான்.

அஜய் அவளுடைய டீம் லீடர். சின்னராஜ் அவனைப் பார்த்தது கிடையாது. பார்க்காமலே வயிறு எரிந்தது. சோறு போடும்போதும் அஜய் சார் சொன்னார், துணி மடிக்கும்போதும் அஜய் சார் சொன்னார். கல்யாணமாகி நாலு வருஷத்தில், தான் சொன்ன ஒரு வார்த்தையை அவள் இப்படி எடுத்துச் சொல்லி அவன் கேட்டதே இல்லை.

காலையில் முதலில் வாய் திறந்தவள் அவள்தான்.

"மஞ்ச ஓட்டைல வேணாம் மாமா. தனியா நீலம் ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல குத்துங்க."

"உனுக்கு இன்னா தெரியும்? போய் வேலையப் பாரு."

போய்விட்டாள். இப்போது போனைக் காதில் வைத்தபடி வந்து நின்றாள். அஜய் சார் லைனில் இருக்கிறாராம்.

சின்னராஜுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேறு வழியில்லை. அந்த ஆள் பேச்சைக் கேட்காவிட்டால் இவள் அவன் பக்கத்து நாற்காலியிலேயே போய் உட்கார வேண்டி வரும். பல்லைக் கடித்துக்கொண்டான்.

"சரி சார், சரி சார்" என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

ஒயரை நீல ஓட்டைக்கு மாற்ற வேண்டுமாம். மாற்றினான். காலையில் அவள் சொன்னதுகூட அஜயிடம் கேட்டு வந்த பாடமாகத்தான் இருக்கும் என்று நினைத்தான். அதற்கும் சேர்த்து எரிந்தது.

இரண்டு பெட்டிக்கும் ஒரே எண் இருக்கிறதாம். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் எழுதி வைத்தால் தபால்காரர் எங்கே போவார் என்று சார் கேட்கிறாராம்.

சின்னராஜுக்குச் சட்டென்று புரிந்தது. எவ்வளவு அழகாக விளக்குகிறான் படுபாவி. இப்படிப் பேசினால் எவள்தான் கேட்கமாட்டாள்?

அவள் சொல்லச் சொல்ல லேப்டாப்பில் ஒற்றை விரலால் தட்டிப் புதிய பெட்டியின் எண்ணை மாற்றினான். இரண்டையும் அணைத்தான். முதலில் பழையதைப் போட்டான். நூறு எண்ணிவிட்டுப் புதியதைப் போட வேண்டும்.

அறுபது எண்ணும்போது அவள் போனில் சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு?"

"உங்க வூட்டுக்காரர் கை நல்ல வேகம்னு சொல்றாரு மாமா."

பிடிக்காத வாயிலிருந்து வந்த பாராட்டுதான். ஆனாலும் கொஞ்சம் இனித்துத் தொலைத்தது.

நூறானதும் புதியதைப் போட்டான். விளக்கு மினுக்கியது. லேப்டாப்பில் பக்கம் திறந்தது. "வந்துடுச்சு சார், தேங்க்ஸ்" என்று போனை அவன் பக்கத்தில் தரையிலேயே வைத்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினாள். மணி ஒன்று ஐம்பத்திரண்டு.

தரையிலிருந்த போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. காலையிலிருந்து தேங்கி நின்ற மெசேஜெல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. அதில் நான்கு அஜய் அனுப்பியவை.

எடுத்துத் திறந்துவிட்டான். திறக்காமல் அவனால் இருக்க முடியாது.

'காலைல இருந்து கூப்பிடுறேன் மேடம், உங்க லைனே கிடைக்கல. நெட் போயிடுச்சா? ரெண்டு மணிக்கு வருவீங்களா?'

கடைசி மெசேஜை அவன் அனுப்பிய நேரம் ஒன்று நாற்பது. சின்னராஜ் ஒற்றை விரலால் எண் மாற்றிக்கொண்டிருந்த நேரம் அது.

இந்த வீட்டுக்குள் டவர் எடுக்காது. யாரிடமாவது பேச வேண்டுமென்றால் நெட் வழியாகத்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் ரோட்டுத் திருப்பம் வரை நடக்க வேண்டும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆத்திரத்தில் அடியோடு மறந்துவிட்டான்.

முதலில் அப்பாடா என்றிருந்தது. அஜய் பேசவில்லை, அஜய் சிரிக்கவில்லை. அந்த அப்பாடா நூறு எண்ணும் நேரம்கூட நிற்கவில்லை.

நீல ஓட்டை அவள் சொன்னது. கதவு எண் அவள் சொன்னது. தனக்கு எதுவும் தெரியவில்லை, அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வயிறு மறுபடியும் எரிந்தது. அஜயாவது பெங்களூரில் இருந்தான்.

போனைத் தேடிக்கொண்டு பிரியா திரும்பி வந்தாள். நீட்டினான். மெசேஜ் திறந்தபடியே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

சின்னராஜ் ஒயரைச் சுவரோரமாக ஒதுக்கினான்.

"உங்க சார் கெட்டிக்காரருதான்" என்றான். "நான் சொன்னேன்னு சொல்லு."

"சொல்றேன் மாமா" என்றாள் பிரியா.