சத்தம் வராத பை

மான் வேட்டை சீசன் தொடங்க இரண்டே நாள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் டார்லீன் நடத்தும் வேட்டைச் சாமான் கடையில், லைல் எட்டாவது முதுகுப்பையைக் காதருகே வைத்துத் திறந்தான்.

"இந்த ஜிப்பும் கத்துது."

"மழை பெஞ்சா தண்ணி உள்ள போகுமா, தோள் வலிக்குமா, எதுவும் பாக்க வேணாமாங்க?"

"சத்தம் வரக்கூடாது. அவ்வளவுதான்."

கம்பளித் துணியில் பொத்தான் வைத்த பையை டார்லீன் நீட்டினாள்.

"இதத் தொறந்தா, பக்கத்துல நிக்கிற மானுக்குக்கூடக் கேக்காது."

"மானுக்குக் கேட்டா கேக்கட்டும். மரத்துப் பரண்ல என்கூட உக்கார்ற மச்சானுக்குக் கேட்டா, நான் திங்கக் கொண்டுபோற சாசேஜ்ல பாதி போயிடுது!"

"மச்சான்னா ஆர்வில்தானே? நேத்து அவரும் இப்படித்தான், காதுல வெச்சுப் பாத்து இதே பையை வாங்கிட்டுப் போனாரு."

லைல் வாய் பிளந்தான்.

"அடப்பாவி! வேட்டைக்குச் சாப்பாடு கொண்டுவர்ற பழக்கமே இல்லன்னு சொன்னானே!"