இறங்காத புனல்

வேதியியல் செய்முறைத் தேர்வில், பொன்னரசி பியூரெட் என்ற அளவுக் கண்ணாடிக் குழாயின் வாயில் புனல் வைத்து, இரண்டாம் முறை அதை நிரப்பினாள். முதல் முறை வந்த அளவே இப்போதும் வரவேண்டும். பதற்றத்தில் புனலை எடுக்க மறந்துவிட்டாள்.

"ஊத்தியாச்சுல்ல அக்கா, இறங்கிக்கோயேன்" என்றது பியூரெட்.

"உன்னை நிரப்பினதே நான். என்னையே துரத்துறியாடி?" என்றது புனல்.

"உன் காம்புல சொட்டு தொங்குது. அது விழுந்தா என் அளவு பொய்யாயிடும். அந்தப் பிள்ளைக்கு மார்க் போயிடும்."

"போடி, ரெண்டு சொட்டுக்கா இந்தப் பாடு!"

பொன்னரசி பியூரெட்டின் அடியிலிருந்த குழாய்த் திருகைத் திறந்தாள். கரைசல் கீழிருந்த குடுவைக்குள் இறங்க இறங்க, மேலிருந்து புனலின் சொட்டுகளும் சத்தமில்லாமல் பியூரெட்டுக்குள் விழுந்தன.

இரண்டு அளவுகளும் ஒத்துவரவில்லை. மணி அடித்துவிட்டது. பொன்னரசி கண்கலங்கி பியூரெட்டையே வெறித்துப் பார்த்தாள்.

"பாவம், எங்கே தப்பு பண்ணிச்சோ பிள்ளை" என்றது புனல், உட்கார்ந்த இடத்திலிருந்தே.