கூடுதலாக மூன்று அட்டைகள்

"அந்த ஜைனப்பை வேற வேலைக்கு மாத்திடுங்க சார்!"

மேனேஜர் அப்துல் கஃபார் நிமிர்ந்து பார்த்தார். எதிரே சேதுபதி. கோலாலம்பூரில் இன்ஜினியரிங் பட்டம் வாங்கியவன், அந்தக் கட்டுமானக் கம்பெனியில் சேர்ந்து இரண்டே மாதம். 1967-ல் சிங்கப்பூரில் கம்ப்யூட்டரைப் பார்த்தவர்களே குறைவு. அதற்குப் புரோகிராம் எழுதுகிறவனுக்குக் கால் தரையில் படுமா?

"அது இருக்கட்டும். உனக்கு எந்தக் கம்ப்யூட்டர் மொழி, ஃபோர்ட்ரானா, கோபோலா? சிட்னி பயிற்சிக்கு ஒரே ஒரு இடம். இன்னைக்குப் பேர் அனுப்பணும்."

"கோபோல்தான் சார். ஃபோர்ட்ரான்ல எழுதினா மெஷின் பக்கம் பக்கமா தப்பு லிஸ்ட் போடுது. கோபோல்ல இதுவரைக்கும் ஒரு தப்பு வரல லா! நமக்குக் கைவந்த மொழி."

"ஜைனப் என்ன செஞ்சாங்க?"

"நான் தாள்ல எழுதினதைப் பார்த்து அட்டையில துளை போடணும், அவ்வளவுதானே? ஃபோர்ட்ரானை லீலா ஒரு மணி நேரத்துல பஞ்ச் பண்ணித் தர்றாங்க. கோபோலுக்கு இவங்க அரை நாள் எடுத்துக்கிறாங்க. சரியாவும் செய்யல. வரிக்கு ஒரு அட்டை. நான் எழுதினது நாற்பது வரி. இவங்க கொடுத்தது நாற்பத்து மூணு!"

தாளில் இல்லாத மூன்று அட்டைகளையும் தனியே உருவி மேசையில் வைத்தான்.

மேனேஜர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிச்சம் நாற்பதை மட்டும் ஓட விடு."

மெஷின் ஓடியது. பக்கம் பக்கமாகத் தப்பு லிஸ்ட் வந்து விழுந்தது.

சேதுபதி மூன்று அட்டைகளையும் பழைய இடத்தில் செருகி மறுபடி ஓட விட்டான். ஒரு தப்பும் இல்லை.

பஞ்ச் அறைக்கு ஓடினான்.

"இந்த மூணு வரி... நீங்க எழுதினதா?"

ஜைனப் எழுந்து நின்றாள். "ஆமா சார். ரெண்டு வருஷமா பஞ்ச் பண்றேன்ல, பழகிடுச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"முதல் நாளே தப்பு இருக்குன்னு சொன்னேன் சார். 'இன்ஜினியர் நீங்களா, நானா? எழுதினதை மட்டும் பஞ்ச் பண்ணுங்க'ன்னீங்க. புதுசா வந்தவங்க, எல்லார் முன்னாலயும் தலைகுனிய வேணாமேன்னு ஒவ்வொரு தடவையும் நானே சரிபண்ணி வச்சேன்."



சேதுபதி திரும்பி வந்தபோது மேனேஜர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"அப்போ சிட்னிக்கு, கோபோல். சேதுபதின்னு எழுதிடட்டுமா?"

"ஜைனப்னு எழுதுங்க சார். நான் இங்கேயே ஃபோர்ட்ரான் படிக்கிறேன். அதுல வர்ற தப்பாவது என்னோடது."