முப்பதாவது இடம்

'நீக்கு' என்ற பொத்தானுக்கு மேல் அவள் கட்டைவிரல் நின்றது.

டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் பாதி அப்படியே இருந்தது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மதியம் ஒன்றரையிலிருந்து இரண்டு வரைதான் அவளுடைய நேரம். அந்த அரை மணி நேரம் அவள் முப்பது பேருக்குத் தலைவி. வாளும் வில்லுமாகக் கைபேசிக்குள் திரிகிற முப்பது பேர். விளையாட்டில் அதற்குக் கில்டு என்று பெயர்.

இவர்கள் தங்கள் கில்டுக்கு வைத்த பெயர் 'சும்மா கூட்டம்'.

பெயருக்கேற்ற கூட்டம்தான். கோட்டையைப் பிடித்தாலும் சரி, விட்டாலும் சரி. ஆரம்பித்தவன் கனடாவுக்குப் போகும்போது பொறுப்பை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனான். ஒருநாள் தவறாமல் வருகிறவள் அவள் ஒருத்திதான் என்று காரணம் சொன்னான்.

அவள் வந்தது விளையாட அல்ல.

கில்டு மண்டபத்தில் ஒரு மணி உண்டு. நாளுக்கு ஒருமுறை அதைத் தட்டினால் தட்டியவர் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு, தட்டிய நேரத்தோடு எரியும். அதை வைத்தே அவளுக்குப் பலரைத் தெரியும். ஒருவர் ரயிலில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் தட்டுவார். ஒருத்தி பரீட்சை வந்தால் காணாமல் போவாள். யார் முகத்தையும் அவள் பார்த்ததில்லை, பார்க்க ஆசைப்பட்டதும் இல்லை.

தம்பியின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் தினமும் பார்ப்பாள்.

காலை ஆறே முக்காலுக்கு எரிந்துவிடும். எட்டு மணிக்கு முன்னால் எழுந்து பழக்கமில்லாதவன். கல்யாணம் ஆளை மாற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு வருடமாக அவன் அவளோடு பேசுவதில்லை.

காரணம், அவள் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகை. அதில் தம்பியின் பெயர் இருந்தது. அவன் யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டு வந்த ஜெஸிந்தாவின் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுவிட்டார்கள் என்று அவள் சொன்னாள். சரிபார்த்துக் கொடுத்தது யார் என்று அவன் கேட்டான்.

அதோடு சரி.

அவள் எண்ணைத் தடுத்தான். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினான். இந்தக் கில்டை மட்டும் விடவில்லை. பேச்சு கிடையாது, சண்டைக்கும் வரமாட்டான், மணியைத் தட்டிவிட்டுப் போய்விடுவான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அதை வைத்துத்தான் அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

நாற்பது நாளாக விளக்கு எரியவில்லை.

அம்மாவிடம் சுற்றிவளைத்து விசாரித்தாள்.

"அவனுக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கான்."

ஆக, நன்றாக இருந்துகொண்டேதான் நிறுத்தியிருக்கிறான்.

முப்பது நாள் வராதவரை நீக்க வேண்டும் என்பது அவளே எழுதிய விதி. பத்து நாளாக அதைக் கண்டும் காணாமல் இருந்தாள். கில்டில் இருப்பது முப்பது இடம். அது நிறைந்திருக்கும்வரை வெளியிலிருந்து ஒருவரும் விண்ணப்பம்கூட அனுப்ப முடியாது. 'புயல்' என்ற பெயரில் விளையாடும் ஹார்டுவேர் கடைக்காரர் பொறுமை இழந்து பொதுப் பலகையிலேயே எழுதிவிட்டார்.

"தலைவரே, சனிக்கிழமை கோட்டைச் சண்டை. ஒரு இடம் சும்மா கெடக்கு. என் மச்சான் ரெடியா இருக்கான்."

அவர் கேட்பது நியாயம்தான். ஊருக்கொரு சட்டம், தம்பிக்கொரு சட்டமா?

ஆனால் இங்கிருந்தும் அவன் பெயர் போய்விட்டால், அவனைப் பார்க்க அவளுக்கு வேறு இடமே கிடையாது.

நீக்கினாள்.

பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. பட்டியலில் கீழே இருந்தவர்கள் ஒரு படி மேலே ஏறினார்கள். கடைசி வரிசை காலியாக இருந்தது.

டிபன் பாக்ஸை மூடினாள்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. விண்ணப்பம் ஒன்று வந்து விழுந்தது. மச்சானாகத்தான் இருக்கும் என்று திறந்தாள்.

ஜெஸிந்தா.

மூன்றாம் லெவல். கையில் முதல் நாள் கொடுக்கிற மரக்கத்தி. கணக்கு தொடங்கி முப்பத்தொன்பது நாள்.

ஏன் சேர விரும்புகிறீர்கள் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது.

"அண்ணி, தெனமும் மணி தட்டுனது நாந்தான். அவர் இதை எப்பவோ விட்டுட்டார். அவர் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவர் போன்ல தட்டிருவேன். நீங்க பாப்பீங்கன்னு தெரியும். ஒருநாள் பாத்துட்டார், கணக்கை அப்படியே விட்டுட்டு வெளையாட்டையே போன்லேந்து எடுத்துட்டார். என் போன்ல போட்டேன். நீங்க வர்ற நேரமா பாத்து தெனமும் இதையே எழுதிக் கேக்குறேன். இடம் இல்லன்னே வருது."

அண்ணி. அப்படி அவளை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

மறுபடி படித்தாள். தம்பி எப்போதோ போய்விட்டிருக்கிறான். அது வலித்தது. அவன் போனது தெரியாமல் இரண்டு வருடம் அவள் பார்த்துக்கொண்டிருந்தது வேறொருத்தியை. அந்த ஒருத்தி முப்பத்தொன்பது நாளாக வாசலில் நின்றபோது, இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததும் அவள்தான்.

ஜெஸிந்தாவின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். சரியாக நினைவுக்கு வரவில்லை. கூச்சமாக இருந்தது.

ஏற்றுக்கொண்டாள்.

புயல் உடனே வந்துவிட்டார்.

"யாரு தலைவரே இது? லெவல் மூணு! சனிக்கிழமை மானம் போயிரும்."

மணி இரண்டு அடிக்கப்போகிறது. வெளியே யாரோ டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. முப்பது பேரும் படிக்கிற பலகையில், ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

"எங்க வீட்டுப் பொண்ணு."